விறகை எவ்வளவு உயரம் அடுக்கலாம்? புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

தோட்டத்து வீட்டில் விறகடுப்பு வைத்தவர்களும், பிரியாணிக்கோ பரோட்டாவுக்கோ விறகையே நம்பிக் கடை தொடங்கியவர்களும், முதல் முறையாக ஒரு வண்டி விறகை இறக்கியவுடன் கேட்கும் கேள்வி, இதை எவ்வளவு உயரத்துக்கு அடுக்குவது என்பதே. சுருக்கமான விடை இது: எந்தப் பக்கமும் தாங்கல் இல்லாமல் தனித்து நிற்கும் ஒற்றை வரிசை 4 அடிக்கு மேல் போகக் கூடாது. ஆனால் இந்த 4 அடி எல்லா விறகுக்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் அளவு அன்று. துண்டின் நீளம், அடித்தளம், இரு முனைகளின் பிடிப்பு, காற்று வரும் திசை ஆகியவை முடிவான பிறகே உயரத்தைச் சொல்ல முடியும் என்பதால், இந்தக் கட்டுரையிலும் அது சற்றுப் பிந்தியே வருகிறது. தமிழகச் சமவெளிகளில் எளிதில் கிடைக்கும் சீமைக் கருவேல், சவுக்கு, தைலமரம், புளி ஆகிய விறகுகளை மனத்தில் கொண்டே இங்குள்ள அளவுகள் தரப்படுகின்றன.

உலர்த்துவதால் என்ன கிடைக்கிறது

வெட்டிய பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீரே இருக்கும். அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போகும் வரை அடுப்பின் வெப்பத்தில் ஒரு பகுதி அதற்கே செலவாகிறது. எடையில் பாதி தண்ணீராக உள்ள 1 கிலோ விறகிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோ கலோரி வெப்பம் கிடைக்குமென்றால், ஈரம் 20 சதவீதமாகக் குறைந்த 1 கிலோ விறகிலிருந்து ஏறத்தாழ 3,400 கிலோ கலோரி கிடைக்கும். புகை, கரி பிடித்த பாத்திரம், ஊதி ஊதிக் கண் எரிதல் ஆகியவற்றில் பெரும்பகுதி, மரத்தின் குறையால் வருவதன்று, ஈரத்தால் வருவது.

விறகுக் கடையில் எடை போட்டு வாங்குவோர் இன்னொரு கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு டன் பச்சை விறகில் 450 கிலோ தண்ணீர் இருந்தால், ஈரம் மொத்த எடையில் 20 சதவீதமாக இறங்கும்போது மிஞ்சுவது 690 கிலோ அளவே. எடை குறைந்ததைக் கண்டு திருட்டுப் போய்விட்டதாக எண்ண வேண்டாம். பச்சை விறகின் விலையைப் பேசும்போதே இந்தக் குறைவைக் கணக்கில் கொண்டு பேச வேண்டும். காய்ந்த விறகு என்று சொல்லிக் கூடுதல் விலைக்குத் தருவதை வாங்கினால், ஒரு கட்டையைப் பிளந்து உட்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

முதலில் நீளமும் பிளவும்

மரத்துக்குள் தண்ணீர் நார் ஓடும் திசையில் மிக எளிதாகவும், அதற்குக் குறுக்காக மிக மெதுவாகவும் நகர்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 10 முதல் 15 மடங்கு. அதனால் ஈரம் பெரும்பாலும் அறுத்த முனைகளின் வழியாகவே வெளியேறும். 3 அடிக் கட்டையைவிட 1½ அடித் துண்டு விரைவாக உலர்வதற்குக் காரணம் இதுவே. பட்டை தண்ணீரை உள்ளேயே நிறுத்தி வைக்கும் உறை என்பதால், பிளக்காத உருண்டைக் கட்டை எத்தனை மாதம் கிடந்தாலும் நடுவில் ஈரமாகவே இருக்கக்கூடும்.

வீட்டு அடுப்புக்கு 1 முதல் 1½ அடி நீளமும், கடை அடுப்புக்கும் கல்யாணச் சமையல் அடுப்புக்கும் 2 முதல் 3 அடி நீளமும் போதும். எல்லாத் துண்டுகளும் ஒரே நீளமாக இருப்பது அழகுக்காக அன்று. நீளம் மாறி மாறி இருந்தால் வரிசையின் இரு முகங்களும் புடைத்து, எடை ஒரு பக்கம் விழுந்து, 3 அடியிலேயே அடுக்கு சாயத் தொடங்கும். கை மணிக்கட்டைவிடத் தடித்த எதையும் பிளந்துவிட வேண்டும். சீமைக் கருவேலைப் பச்சையாக இருக்கும்போதே பிளப்பது கட்டாயம் என்றே சொல்வேன்; காய்ந்துவிட்டால் கோடாலி தெறிக்கும், ஆப்பும் சம்மட்டியும் இல்லாமல் வேலை நடக்காது. தைலமரம் நேராகப் பிளக்கும். புளி முறுக்கு நார் உடையது. பிளப்பதற்கு ஆளைக் களைக்க வைத்தாலும், நின்று எரிவதில் அதற்கு நிகர் குறைவு. சவுக்கு ஓரளவு ஈரத்தோடும் எரியும் என்பதால் அதை உலர்த்தாமலே பயன்படுத்துவோர் உண்டு. அது கடை நடத்துவோருக்கு வசதிதானே தவிர, சிக்கனம் அன்று. முள் உள்ள கிளைகளை அடுக்குவதற்கு முன்பே கழித்துவிட வேண்டும். அரளிக் கட்டை விறகோடு கலந்து வந்திருந்தால் அதைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். அதன் புகை நஞ்சு.

இடமும் காற்றும்

வெயிலைவிடக் காற்றுக்கே முதலிடம் தர வேண்டும். வெயில் மேற்பரப்பைச் சூடாக்கும். வெளியேறிய ஈரத்தை எடுத்துச் செல்வது காற்று. அடுக்கின் நீண்ட முகம், அந்த ஊரில் அதிக நாள் வீசும் காற்றை எதிர்கொள்ளும்படி இருந்தால், காற்று துண்டுகளின் இடைவெளி வழியாக ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்குச் சென்றுவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பகுதியிலும், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களுக்குக் கிழக்கே உள்ள ஊர்களிலும் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்று விறகை விரைந்து உலர்த்தும். ஆயினும் காற்றை நேராக வாங்கும் அடுக்குதான் விரைவில் உலர்கிறது, எளிதில் சாய்வதும் அதுவே. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லப்படும் ஊர்களில், கீழே தரும் உயரங்களில் அரை அடியைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது முனைகளில் கம்பம் நட வேண்டும்.

வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளியே அடுக்க வேண்டும். ஒட்டி அடுக்கினால் சுவர்ப் பக்கம் காற்றில்லாமல் பூஞ்சணம் பிடிப்பதோடு, கறையான் மண்கூடு கட்டிச் சுவரில் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியாது. மதிற்சுவரின் மேல் சாய்த்து அடுக்குவது இன்னும் மோசமான பழக்கம். 4 அங்குலக் கனத்தில் கட்டிய மதில் தன் எடையைத் தாங்குமே தவிர, பக்கவாட்டில் தள்ளும் சுமையைத் தாங்கும்படி கட்டப்பட்டதன்று. மின்கம்பிக்குக் கீழும், வைக்கோற்போருக்கு அருகிலும், சமையல் எரிவாயு உருளை இருக்கும் இடத்தை ஒட்டியும் விறகு கூடாது. அடுப்பிலிருந்து 10 அடியாவது விலகி இருக்கட்டும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் அடுப்படிக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் போதும்.

நகரத்தில் இடமில்லாதவர்கள் மொட்டை மாடியைக் காட்டுவார்கள். 1½ அடி அகலம், 10 அடி நீளம், 4 அடி உயரமுள்ள ஒரு வரிசைப் பச்சை விறகு ஏறத்தாழ 1 டன் இருக்கும். அது நிற்கும் இடமோ 15 சதுர அடி. ஏறிப் புழங்கும் மாடித் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் எடுத்துக்கொள்ளும் புழங்கு சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவே; இந்த அடுக்கோ அதே பரப்பில் 700 கிலோவைத் தாண்டும். ஆகவே மாடியில் உயரம் என்ற பேச்சே வேண்டாம். ஓரிரு நாள் வெயிலில் பரப்பி எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நலம்.

அடித்தளம்

விறகு மண்ணைத் தொடவே கூடாது. செங்கல், கருங்கல், பழைய கான்கிரீட் கல்தூண், பனைமரத் துண்டு என எது கிடைத்தாலும் இரண்டு வரிசையாகப் போட்டு, தரையிலிருந்து அரை அடி உயர்த்தியே முதல் துண்டை வைக்க வேண்டும். அந்த இரண்டு வரிசைகளும் துண்டின் இரு முனைகளிலிருந்தும் சற்று உள்ளே தள்ளி அமைந்தால் எடை சமமாக இறங்கும். பனைத் துண்டைப் போடுவோர் ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் கறையானுக்கு முதல் உணவு அதுவே. அடியில் உள்ள இந்த அரை அடி வெளி, கறையானின் மண்கூட்டைக் கண்டுபிடிக்கவும், மழைத்தண்ணீர் ஓடவும், குளிர்ந்து கீழே இறங்கும் ஈரக்காற்று வெளியேறவும் உதவுகிறது.

தரை சமமாக இல்லாவிட்டால் மண்ணை வெட்டிச் சமப்படுத்துங்கள். கல்லை முட்டுக் கொடுத்துச் சரிசெய்தது மழைக்குப் பின் ஒரு பக்கம் அமுங்கும். கரிசல் மண் உள்ள ஊர்களில் கோடையில் நிலம் வெடித்து, மழையில் உப்பும். அங்கே கல்லுக்கு அடியில் சரளையோ மணலோ கொட்டிய பிறகு தளம் போடுவதும், அடுக்கை 3½ அடிக்குள் நிறுத்துவதும் நல்லது.

அடுக்கும் முறை

இரு முனைகளையும் முதலில் கட்ட வேண்டும். தட்டையாகப் பிளந்த நேரான துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் மாற்றி மாற்றி வைத்துச் சதுரத் தூண் போல ஒவ்வொரு முனையிலும் எழுப்ப வேண்டும். இடையில் உள்ள விறகு இந்த இரண்டு தூண்களுக்கும் நடுவில் அடங்கி நிற்கும். தூணில் எந்தத் துண்டும் ஆடக் கூடாது. ஆடுவதை எடுத்துவிட்டு வேறு வையுங்கள். சீமைக் கருவேல் போன்ற கோணல் விறகில் இத்தகைய தூண் அமையாது என்பதால், அதற்கு முனைகளில் சவுக்குக் கம்பமோ இரும்புக் கோணச் சட்டமோ நடுவதே வழி. கம்பத்தின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். பாதி உயரத்தில் இரு முனைக் கம்பங்களையும் அடுக்கின் ஊடாகக் கம்பியால் இணைத்துவிட்டால், விறகு வெளிப்புறம் தள்ளும்போது கம்பங்கள் சாயாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

நடுப்பகுதியில் தடித்த முனையும் மெலிந்த முனையும் மாறி மாறி வரும்படி வைக்க வேண்டும். எல்லாத் தடித்த முனைகளும் ஒரே முகத்தில் வந்தால், ஒவ்வோர் அடுக்கிலும் சிறிது சிறிதாக எதிர்முகம் தாழ்ந்து, மூன்றடியில் அந்தச் சரிவு வெளிப்படையாகத் தெரியும். பெரிய கட்டைகள் அடியில், சிறியவை மேலே. இடைவெளியை அடைப்பதற்காகச் சுள்ளிகளைச் செருகுவோர் காற்றின் வழியை அடைக்கிறார்கள். சுள்ளிக்குத் தனிக் கட்டு போட்டு வையுங்கள். ஒவ்வோர் அடி உயரத்துக்கும் எட்ட நின்று இரு முகங்களையும் பார்த்து, புடைத்த துண்டைக் கட்டையால் தட்டி உள்ளே அனுப்ப வேண்டும்.

இரண்டு வரிசைகளை ஒட்டி அடுக்கினால் உறுதி கூடும், உலர்வது குறையும். நடுவில் அரை அடி இடைவெளி விட்டு, ஒவ்வோர் அடி உயரத்துக்கும் இரண்டு வரிசைகளின் மேலும் படியும்படி நீளமான கழிகளைக் குறுக்கே போட்டுப் பிணைத்தால் இரண்டும் கிடைக்கும். மூன்றாவது வரிசையை ஒட்ட வேண்டாம். ஒட்டினால் நடு வரிசை மழைக்காலம் வரை பச்சையாகவே இருக்கும். மூன்றாவது வரிசையைத் தனியாக, ஆள் நடக்க 2 அடி விட்டு அடுக்குங்கள்.

உயரம்

இப்போது உயரத்துக்கு வரலாம். தனித்து நிற்கும் ஒற்றை வரிசையின் உயரம், அதன் அகலத்தைப் போல் 3 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அகலம் என்பது இங்கே துண்டின் நீளமே. எனவே 1 அடித் துண்டுக்கு 3 அடியும், 1½ அடித் துண்டுக்குக் கணக்கில் வரும் 4½ அடியைச் சற்றுக் குறைத்து 4 அடியும் உச்சம். 2 அடித் துண்டுக்குக் கணக்குப்படி 6 அடி வரும், ஆனால் திறந்த வெளியில் 5 அடியோடு நிறுத்த வேண்டும். 3 அடித் துண்டுக்கும் அதுவே எல்லை. பிளக்காத உருண்டைச் சவுக்கு உருளும் என்பதாலும், கோணல் சீமைக் கருவேல் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியாது என்பதாலும், இவற்றுக்கு அரை அடி முதல் 1 அடி வரை குறைக்க வேண்டும். கழிகளால் பிணைத்த இரட்டை வரிசை 5 அடி தாங்கும். கூரைக்குக் கீழ், மூன்று பக்கமும் கம்பமும் சட்டமும் உள்ள விறகுக் கொட்டகையில் 6 அடி போகலாம். கூரைக்கும் விறகுக்கும் இடையே 1 அடி வெளி இருக்கட்டும்.

5 அடிக்கு மேல் ஏன் கூடாது என்பதற்குக் காற்று ஒரு காரணம், மனித உடல் மற்றொரு காரணம். தோளுக்கு மேல் கையை உயர்த்தி 5 கிலோக் கட்டையை இழுக்கும்போது, அதனோடு சேர்ந்து வருவது எது என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலான வீடுகளில் விறகை எடுப்பவர் அடுக்கியவரைவிட உயரம் குறைந்தவராகவே இருப்பார். எடுப்பவரின் நெஞ்சளவே அந்த வீட்டுக்கு உரிய உயரம். குழந்தைகள் விளையாடும் முற்றமாக இருந்தால் 3 அடிக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அவர்கள் ஏறத்தான் செய்வார்கள்.

அடுக்கி முடித்த உயரம் அப்படியே நிற்பதில்லை என்பதையும் சேர்த்துக் கருத வேண்டும். மரத்தின் ஈரம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் ஒவ்வொரு துண்டும் குறுக்களவில் சுருங்கும். 4 அடி அடுக்கு ஓரிரு அங்குலம் தணியும். வெயில் படும் முகம் முதலில் சுருங்குவதால் அடுக்கு அந்தப் பக்கமாகச் சாயத் தொடங்கும். அடுக்கிய முதல் மாதத்தில் வாரம் ஒரு முறை தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, சாய்வு 2 அங்குலத்தைத் தாண்டினால் முட்டுக் கொடுப்பதைவிட மேல் ஓர் அடியைப் பிரித்து மறுபடி அடுக்குவதே முறையான தீர்வு.

மூடுதல்

மேலே மட்டும் மூட வேண்டும். தார்ப்பாயைத் தரை வரை இழுத்துக் கட்டினால் உள்ளே நீராவி தங்கி, காலையில் விறகு வியர்த்துப் போய் நிற்கும். உச்சி வரிசையைப் பட்டை மேலே இருக்கும்படி வைத்து, அதன் மேல் குறுக்குக் கழிகள் போட்டு, தகரமோ தென்னங்கீற்றோ இரு முகங்களிலும் அரை அடி வெளியே நீளும்படி வேய்ந்தால் போதும். கீற்று வெயிலையும் காற்றையும் விடும், ஆனால் ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். தகரத்தைக் கல் வைத்து நிறுத்தாமல், கம்பியால் கட்டுங்கள். மாசி முதல் ஆவணி வரை திடீர் மழைக்கு மட்டும் மூடிவிட்டு மற்ற நாள்களில் திறந்து விடுவது, சிரமம் பார்க்காதவர்களுக்கு ஏற்ற சிறந்த முறை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாவட்டங்களில், தை, மாசியில் வெட்டிப் பிளந்து அடுக்கியது கோடையில் 3, 4 மாதத்தில் உலர்ந்துவிடும். புரட்டாசிக்குள் அதைக் கொட்டகைக்கு மாற்றிவிட வேண்டும். கூரைக்குக் கீழ் இருந்தாலும் ஐப்பசியின் ஈரக்காற்றில் விறகு ஓரளவு ஈரத்தைத் திரும்ப உறிஞ்சும். அதனால்தான் நம் வீடுகளில் மழைக்கால விறகை அடுப்படிப் பரணில் ஏற்றி வைத்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால், அங்கே தொடக்கத்திலிருந்தே கொட்டகையில் அடுக்குவது ஒன்றே வழி.

உலர்ந்ததை அறிவதும் எடுத்துப் பயன்படுத்துவதும்

மேல், நடு, அடி எனப் பல இடங்களிலிருந்து எளிதில் உருவி எடுக்கக்கூடிய 4, 5 துண்டுகளுக்கு வண்ணம் பூசி அடையாளமிட்டு, 10 நாளுக்கு ஒரு முறை எடை போட்டு எழுதி வையுங்கள். வறண்ட பருவத்தில் தொடர்ந்து இரண்டு முறை எடை மாறாமல் இருந்தால் விறகு உலர்ந்துவிட்டது. முனைகளில் வெடிப்பு, பட்டை கழன்று வருதல், இரண்டு துண்டுகளைத் தட்டினால் மந்தமாக இல்லாமல் கணீரென்று ஒலித்தல் ஆகியவை துணை அடையாளங்கள். ஈரமானியை வாங்குவோர் துண்டைப் புதிதாகப் பிளந்து உட்புற முகத்தில் ஊசியை வைக்க வேண்டும்; இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் உலர்ந்த மரத்தின் எடையை வைத்துக் கணக்கிடுவதால், அவை காட்டும் 25, மொத்த எடைக் கணக்கில் 20 சதவீதத்துக்குச் சமம்.

உலர்ந்த விறகை நம் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பதில் பயனில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தால் உளுத்துப் போய், துளைகளிலிருந்து மாவு உதிரத் தொடங்கும். எடையும் போகும், வெப்பமும் போகும். ஆகவே அடுத்த மழைக்காலம் முடியும் வரை எரிக்கக்கூடிய அளவை மட்டும் வாங்குங்கள்.

எடுக்கும்போது ஒரு முனையிலிருந்து தொடங்கி, மேலிருந்து கீழாகப் படிக்கட்டு போல் இறக்கிக்கொண்டு வர வேண்டும். நடுவிலிருந்து உருவக் கூடாது. அடையாளமிட்ட துண்டுகளையும் மேல் வரிசை இறங்கிய பிறகே எடுக்க முடியும் என்ற நிலை வந்தால், உருவாமல் விட்டுவிடுங்கள். தேளும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் போன்ற பாம்புகளும் விறகு இடுக்கில் தங்குவது வழக்கம் என்பதால், இருட்டில் விறகெடுக்கப் போகாமல் பகலிலேயே எடுத்து வைப்பதும், கைவிடும் முன் நீண்ட கழியால் தட்டுவதும், செருப்பணிந்து செல்வதும் கட்டாயம். அடி வரிசையைக் கையால் தூக்காமல் கழியால் புரட்டி எடுங்கள். அது தீர்ந்த பிறகு கற்களை இடம் பெயர்த்து, உதிர்ந்த பட்டையையும் தூளையும் முழுவதும் பெருக்கி எடுத்து, கறையானின் மண்கூடுகளை உடைத்து, தளத்தை ஒரு வாரம் வெயிலில் காயவிட்டே அடுத்த வண்டி விறகை இறக்க வேண்டும்.